ஒரே தோற்றம், இரண்டு அந்துப்பூச்சிகள்: பெயர் சொல்லும் மரபணுச் சான்று

பிரேசில் நாட்டின் பாஹியா மாநிலத்தில், மேற்கே உள்ள மேட்டுநிலங்களில் பருத்தியும் சோயாவும் பெரும்பரப்பில் பயிரிடப்படுகின்றன. 2012–13 பருவத்தில் அந்த வயல்களில் காய்ப்புழுக்கள் அளவு கடந்து பெருகின. பார்த்தவர்கள் முதலில் அவை அங்கு நெடுங்காலமாக இருந்துவரும் மக்காச்சோளக் கதிர்ப்புழு என்றே எண்ணினர். ஆனால் அங்கே கதிர்ப்புழு சோயாவை அவ்வளவாக நாடியதில்லை. இந்தப் புழுவோ சோயாவில் இலை, பூ, காய் என எதையும் விட்டுவைக்கவில்லை. வழக்கமாகத் தெளிக்கும் மருந்துகளுக்கும் எளிதில் மடியவில்லை. தோற்றம் பழையதாகவும் நடத்தை புதியதாகவும் இருந்ததிலிருந்துதான் ஐயம் பிறந்தது.

2013-இல் விடை கிடைத்தது. அந்தப் புழு ஹெலிகோவெர்பா ஆர்மிஜெரா. தமிழ்நாட்டில் பருத்தி, துவரை, கொண்டைக்கடலை, தக்காளி பயிரிடுவோருக்கு இது புதிதன்று. பச்சைக் காய்ப்புழு என்றும் அமெரிக்கன் காய்ப்புழு என்றும் நாம் சொல்லிவருவது இதைத்தான். பெயரில் அமெரிக்கா ஒட்டிக்கொண்டிருந்தாலும், ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா ஆகிய கண்டங்களில் பரவிய இந்தப் பூச்சி அமெரிக்கக் கண்டங்களில் நிலைகொண்டிருப்பதாக அதுவரை பதிவு இல்லை. அங்கே இருந்தது அதன் மிக நெருங்கிய உறவான ஹெலிகோவெர்பா ஸீயா, அதாவது முன்பு சொன்ன கதிர்ப்புழு. இந்த இரண்டும் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன், ஆர்மிஜெராவின் மூதாதையரில் சில எப்படியோ அமெரிக்கக் கண்டத்தை அடைந்து தனியே பெருகியதால் பிரிந்தவை என்பது டி.என்.ஏ. வேறுபாடுகளைக் கொண்டு செய்யப்பட்ட மதிப்பீடு. பரிணாமக் கணக்கில் இது மிகக் குறுகிய காலம். உடலில் பெரிய மாற்றம் ஏற்பட அவகாசம் இல்லை, ஆனால் டி.என்.ஏ.யில் தடம் பதிய அந்த அவகாசம் போதும். அந்தத் தடத்தை எப்படிப் படிக்கிறார்கள், அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பவற்றையே இக்கட்டுரை விளக்குகிறது.

எந்தப் புழுவாக இருந்தால் என்ன, மருந்தடித்தால் சரிதானே என்று கேட்கலாம். மருந்து வேலை செய்யுமா என்பதே பெயரைப் பொறுத்திருக்கிறது. ஆஸ்திரேலியப் பருத்தி வயல்களில் ஆர்மிஜெராவும், அந்நாட்டுக்கே உரிய ஹெலிகோவெர்பா பங்டிஜெராவும் கலந்தே காணப்படும். முதலாவது பல பூச்சிக்கொல்லிகளை எதிர்த்து நிற்கும் திறனைப் பெற்றுவிட்டது. இரண்டாவது பெரும்பாலும் அவ்வாறு பெறவில்லை. வயலில் கண்ட முட்டைகளில் எது அதிகம் என்று தெரியாமல் தெளித்தால் பணமும் மருந்தும் வீண். உண்ணும் பயிர்களின் பட்டியலும் பூச்சிக்குப் பூச்சி மாறும். ஆர்மிஜெரா நூற்றுக்கும் மேற்பட்ட தாவர வகைகளை உண்ணக்கூடியது. துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் பயிர்ப் பாதுகாப்புச் சோதனை செய்பவர்களுக்கோ பெயர் ஒன்றே சட்டப்படியான கேள்வி: வந்திருக்கும் புழு ஏற்கெனவே உள்நாட்டில் உள்ளதா, உள்ளே விடக்கூடாததா?

உடல் எதுவரை உதவும்

வளர்ந்த அந்துப்பூச்சியின் முன்சிறகு வெளிர் மஞ்சளும் பழுப்பும் கலந்தது. நடுவே சிறுநீரக வடிவில் ஒரு மங்கிய புள்ளி. பின்சிறகின் ஓரத்தில் அகன்ற கரிய பட்டை. இந்த விவரிப்பு ஆர்மிஜெராவுக்கும் பொருந்தும், ஸீயாவுக்கும் பொருந்தும். புழுக்களின் நிலை இன்னும் மோசம். ஒரே தாய் இட்ட முட்டைகளிலிருந்து வந்த புழுக்களிலேயே பச்சை, பழுப்பு, இளஞ்சிவப்பு எனப் பல நிறங்கள் இருக்கும்; ஆகவே நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கனடாவைச் சேர்ந்த பூச்சியியலாளர் ஹார்ட்விக் 1965-இல் இந்தக் குழுவை முழுமையாக ஆராய்ந்து ஹெலிகோவெர்பா என்னும் தனிப் பேரினத்தை வகுத்தார். அதுவரை இவற்றின் பெயர்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்தன. நம்பத்தகுந்த உடல் வேறுபாடு ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பில் உள்ளது. பூச்சியின் வயிற்றுப் பகுதியைத் தனியே எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்கி, தசையும் கொழுப்பும் கரைந்த பின் எஞ்சும் கடினமான பகுதிகளைத் தூரிகையால் சுத்தம் செய்து, ஆணுறுப்பின் உள்ளே சுருண்டிருக்கும் மெல்லிய பையை ஊதி வெளியே விரிக்க வேண்டும். அந்தப் பையின் அடியில் ஒரு புடைப்பு இருந்தால் ஆர்மிஜெரா. மூன்று இருந்தால் ஸீயா. பழகிய கை தேவைப்படும் வேலை இது. பை கிழிந்துவிட்டால் சான்றும் போய்விடும். அது மட்டுமன்று. இந்தச் சோதனை வளர்ந்த ஆண் பூச்சிக்குத்தான் உதவும். வயலில் உழவர் காண்பது முட்டையும் புழுவும்.

இனக்கவர்ச்சிப் பொறி வைத்துப் பிரிக்கலாமே என்றால், அதுவும் கைகொடுப்பதில்லை. இரண்டு சிற்றினங்களின் பெண் பூச்சிகளும் ஆணை அழைக்க வெளியிடும் வேதிப்பொருளின் முதன்மைக் கூறு ஒன்றே. ஆர்மிஜெராவைத் தேடி அமெரிக்க நாட்டில் பொறி வைத்தால் உள்ளூர் ஸீயாக்கள் நூற்றுக்கணக்கில் வந்து விழும்.

ஆகவே 2013 வரை நடைமுறையில் பெயரைத் தீர்மானித்தது பெரும்பாலும் உடலன்று, ஊர்தான். அமெரிக்கக் கண்டத்தில் பிடித்தால் ஸீயா, மற்ற கண்டங்களில் பிடித்தால் ஆர்மிஜெரா. பூச்சி கடல் கடக்காத வரையில் இந்தக் கணக்கு பிழைபடாது. கடந்துவிட்டால், அது வந்து சேர்ந்ததையே மறைத்துவிடும் கணக்கும் இதுவே.

ஒரு காலிலிருந்து ஒரு பெயர் வரை

டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி எனக் குறிக்கப்படும் நான்கு வேதியெழுத்துகள் வரிசையாகக் கோக்கப்பட்ட நீண்ட இழை. முட்டை, புழு, கூட்டுப்புழு, வளர்ந்த பூச்சி ஆகிய எல்லா நிலைகளிலும், ஓர் உயிரின் எல்லா உறுப்புகளிலும் இந்த வரிசை ஒன்றே. உடல் அடையாளத்துக்கு இல்லாத பெரிய வசதி இது. சிதைந்த புழுவின் ஒரு துண்டோ பொறியின் பசையில் ஒட்டிக்கொண்ட ஒரு காலோ இருந்தாலும் போதும்.

எந்தப் பகுதியைப் படிப்பது என்பதே அடுத்த கேள்வி. விலங்குகளில் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுவது மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சி.ஓ.ஐ. என்னும் மரபணுவின் 658 எழுத்துகள் நீளமுள்ள பகுதி. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட்டும் குழுவினரும் 2003-இல் இதை எல்லா விலங்குகளுக்கும் பொதுவான அடையாளக் குறியாகப் பயன்படுத்தலாம் என்று முன்மொழிந்தனர்; கடைப்பொருளின் பட்டைக்குறியை நினைவூட்டும் வகையில் டி.என்.ஏ. பார்கோடு என்ற பெயர் நிலைத்தது. இந்தத் தேர்வுக்குக் காரணங்கள் உண்டு. மைட்டோகாண்ட்ரியா என்பது உயிரணுவின் உட்கருவுக்கு வெளியே இருக்கும் நுண்ணுறுப்பு. அதற்கென்று தனியாக, பூச்சிகளில் ஏறத்தாழ 15,000 எழுத்துகள் கொண்ட சிறிய வளைய டி.என்.ஏ. உண்டு. ஓர் உயிரணுவில் அந்த வளையத்துக்கு நூற்றுக்கணக்கான பிரதிகள் இருப்பதால், பழைய மாதிரியிலிருந்தும் அதை எடுக்க முடியும். விலங்குகளில் அது உட்கரு மரபணுக்களைவிட வேகமாக மாறுவதால், அண்மையில் பிரிந்த சிற்றினங்களிடையேயும் வேறுபாடுகள் சேர்ந்திருக்கும்.

ஆய்வகத்தில் நடப்பது இதுதான். காலை ஒரு சிறு குழாயில் இட்டு நசுக்கி, புரதத்தைச் சிதைக்கும் நொதியுடன் வெதுவெதுப்பில் ஊறவைத்து, டி.என்.ஏ.யைப் பிரித்தெடுக்கிறார்கள். பிறகு பி.சி.ஆர். கருவி வேண்டிய பகுதியை மட்டும் கோடிக்கணக்கான பிரதிகளாகப் பெருக்குகிறது. கொரோனாக் காலத்துக்குப் பின் இந்தப் பெயரை விளக்க வேண்டிய தேவை குறைந்துவிட்டது. கருவி அதேதான், தேடும் பகுதி மட்டுமே வேறு. பெருக்கிய பகுதியின் எழுத்து வரிசையைப் படித்து, பெயர் உறுதி செய்யப்பட்ட மாதிரிகளின் வரிசைகளோடு ஒப்பிடுகிறார்கள். ஒரே சிற்றினத்துக்குள் இரண்டு பூச்சிகளுக்கிடையே வேறுபாடு பெரும்பாலும் 100 எழுத்துக்கு ஒன்றை எட்டாது. வெவ்வேறு சிற்றினங்களானால் பொதுவாக அது பலமடங்காக இருக்கும். ஆர்மிஜெராவுக்கும் ஸீயாவுக்கும் இடையே, 658 எழுத்துகளில் குறிப்பிட்ட சில இடங்களில் ஒன்றில் ஓர் எழுத்தும் மற்றதில் வேறோர் எழுத்தும் நிலையாக நிற்கின்றன. பிரேசிலிலிருந்து வந்த புழுக்களிலும் பூச்சிகளிலும் அந்த இடங்களில் ஆர்மிஜெராவின் எழுத்துகளே இருந்தன.

அதே வரிசைகள் பெயரை மட்டும் சொல்லி நிற்கவில்லை. பிரேசில் மாதிரிகளிலேயே ஒன்றுக்கொன்று ஓரிரு எழுத்து மாறிய பல வகைகள் காணப்பட்டன. ஒரே ஒரு சினைப்பூச்சி ஏதோ ஒரு சரக்கோடு வந்து பெருகியிருந்தால் எல்லாவற்றிலும் ஒரே வகைதான் இருந்திருக்க வேண்டும். பல வகைகள் இருப்பதற்குப் பொருள், வந்தவை பல. ஒரு முறைக்கு மேலும் வந்திருக்கலாம். பின்னர் வணிகப் பதிவுகளையும் சேர்த்துச் செய்யப்பட்ட ஆய்வும் பல இடங்களிலிருந்து வந்திருப்பதையே ஆதரித்தது.

ஒவ்வொரு பூச்சிக்கும் முழு வரிசையைப் படிப்பது செலவு பிடிக்கும் வேலை. வேறுபடும் இடம் தெரிந்துவிட்டபின், அந்த ஓர் இடத்தை மட்டும் சோதிக்கும் மலிவான வழிகள் உண்டு. சில நொதிகள் டி.என்.ஏ.யைக் குறிப்பிட்ட எழுத்துத் தொடர் வரும் இடத்தில் மட்டும் வெட்டும். எடுத்துக்காட்டாக, ஈகோ ஆர்-1 என்னும் நொதி ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற தொடரைக் கண்டால் வெட்டும். ஆறில் ஓர் எழுத்து மாறினாலும் வெட்டாது. 500 எழுத்து நீளமுள்ள பகுதியில் ஒரு சிற்றினத்துக்கு இந்தத் தொடர் 300-ஆவது எழுத்துக்குப் பின் இருக்கிறது, மற்றதற்கு இல்லை என்று வைத்துக்கொள்வோம். நொதியைச் சேர்த்து, துண்டுகளைக் கூழ்மப் பலகையில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டால், முதலாவதற்கு 300, 200 என இரண்டு கோடுகளும் மற்றதற்கு 500 என ஒரே கோடும் தெரியும். வரிசையையே படிக்காமல் பெயர் கிடைத்துவிடுகிறது. ஹெலிகோவெர்பா சிற்றினங்களைப் பிரிக்க இந்த முறையில் சோதனைகள் உருவாக்கப்பட்டுள்ளன. உட்கருவில் உள்ள ரைபோசோம் மரபணுக்களின் இடைவெளிப் பகுதி இரண்டு சிற்றினங்களிலும் வேறு வேறு நீளம் கொண்டிருப்பதைப் பயன்படுத்தும் சோதனையும் உண்டு. அதற்கு நொதியும் வேண்டாம்.

ஆர்மிஜெரா 2014-இல் புவெர்ட்டோ ரிக்கோவிலும் 2015-இல் ஃப்ளோரிடாவிலும் கண்டறியப்பட்டபின், அமெரிக்க நாட்டுக்கு இத்தகைய சோதனைகள் உடனடித் தேவையாயின. பொறிகளில் விழும் ஆயிரக்கணக்கான பூச்சிகளில் ஒன்று அயல்நாட்டுப் பூச்சியா என்று ஒவ்வொன்றாக அறுத்துப் பார்ப்பது நடவாத காரியம். பல பூச்சிகளின் கால்களை ஒன்றாகச் சேர்த்து டி.என்.ஏ. எடுத்து, அந்தக் கரைசலை ஆயிரக்கணக்கான நுண்துளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு துளியிலும் தனித்தனியே பி.சி.ஆர். நடத்தும் முறை இதற்குக் கைகொடுத்தது. ஏறத்தாழ ஆயிரம் ஸீயாக்களுக்கு இடையே ஓர் ஆர்மிஜெரா இருந்தாலும் இது காட்டிக்கொடுக்கும்.

தாய்வழிச் சான்றின் எல்லை

இவ்வளவு படித்தபின், பார்கோடு கிடைத்தால் பெயர் உறுதி என்று தோன்றும். பெரும்பாலான நேரங்களில் அது சரியே. ஆனால் நெருங்கிய உறவுள்ள பூச்சிகளில்தான், அதாவது மரபணுச் சான்று மிகவும் தேவைப்படும் இடத்தில்தான், அது தவறவும் செய்யும். காரணம், மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிறது. நம் வழக்கத்தில் பெயருக்கு முன்னால் தந்தையின் தலைப்பெழுத்தை இடுகிறோம். அந்த எழுத்தைக் கொண்டு ஒருவருடைய தாயார் எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று யாரும் ஊகிக்க முயல்வதில்லை. மைட்டோகாண்ட்ரியா பூச்சிக்குத் தாயின் தலைப்பெழுத்து. தந்தை யார் என்பது அதில் இருக்காது.

தந்தை வேறு சிற்றினமாக இருக்க முடியுமா? ஆர்மிஜெராவுக்கும் ஸீயாவுக்கும் இடையே முடியும். ஆய்வகத்தில் இவற்றைச் சேர்த்தபோது பிறந்த பிள்ளைகள் மலடாகவில்லை. அவையும் இனப்பெருக்கம் செய்தன. 15 லட்சம் ஆண்டுகள் கடல் பிரித்துவைத்த இரண்டும் பிரேசிலில் மீண்டும் ஒரே வயலில் சந்தித்தபோது, கலப்பு நடக்கக்கூடும் என்பது எதிர்பார்க்கத்தக்கதே.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஆர்மிஜெராப் பெண் ஒரு ஸீயா ஆணுடன் சேர்கிறது. பிள்ளைகளின் உட்கரு டி.என்.ஏ.யில் பாதி ஆர்மிஜெரா, பாதி ஸீயா. அந்தப் பிள்ளைகளில் ஒரு பெண் மீண்டும் ஸீயா ஆணுடன் சேர்ந்தால், அடுத்த தலைமுறையில் ஆர்மிஜெராவின் பங்கு சராசரியாக 25 சதவீதம், அதற்கடுத்து 12.5, பிறகு 6.25, பிறகு 3 சதவீதத்துக்குச் சற்று மேல். ஐந்தாம் தலைமுறையில் அந்தப் பூச்சி ஏறக்குறைய முழுமையான ஸீயா. ஆனால் தாய், தாயின் தாய் என்று பெண்வழியாகவே தொடர்ந்ததால், அதன் மைட்டோகாண்ட்ரியா இன்னும் ஓர் எழுத்துக்கூட மாறாத ஆர்மிஜெரா. பார்கோடு சோதனை தயக்கமின்றி அதை ஆர்மிஜெரா என்று அறிவிக்கும். சோதனையில் எந்தப் பிழையும் இல்லை. கேட்ட கேள்விக்கு அது சரியாகவே பதில் சொன்னது. பூச்சியின் பெயர் என்ன என்பதும் தாய்வழி எது என்பதும் ஒரே கேள்வி என்று நாம் எடுத்துக்கொண்டதுதான் சிக்கல்.

உட்கரு மரபணுவைச் சோதித்தால் இந்த மறைவு விலகும். மேலே சொன்ன நொதிச் சோதனையையே உட்கருவில் உள்ள ஓர் இடத்துக்குச் செய்ததாகக் கொள்வோம். உட்கருவில் பெரும்பாலான மரபணுக்களுக்கு இரண்டு பிரதிகள், தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. முதல் தலைமுறைக் கலப்புப் பூச்சியில் ஒரு பிரதியை நொதி வெட்டும், மற்றதை வெட்டாது. கூழ்மப் பலகையில் 500, 300, 200 என மூன்று கோடுகளும் சேர்ந்து தெரியும். கலப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி கிடைக்காது. ஆயினும் அதன் பிள்ளைகளில், ஸீயாவோடு மீண்டும் சேர்ந்த வழியில், பாதிப் பேரிடம் மூன்று கோடுகள் மறைந்து ஸீயாவின் கோடு மட்டுமே எஞ்சும். ஆகவே ஓர் இடம் போதாது. பல குரோமோசோம்களில் பரவிய பல இடங்களைப் பார்க்க வேண்டும். ஆர்மிஜெராவுக்கு 31 இணைக் குரோமோசோம்கள் உண்டு.

ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் அறிவியலாளர்கள் இதன் எல்லைக்கே சென்று, பூச்சிகளின் முழு மரபணுத் தொகுதியையும் படித்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்ட ஒன்பது பிரேசில் புழுக்களும் ஏதோ ஒரு விகிதத்தில் கலப்பாகவே இருந்தன. எந்த இரண்டிலும் விகிதம் ஒன்றாக இல்லை. அவற்றில் ஒன்று ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. பெரும்பாலானவை, மரபணுத் தொகுதியின் பெரும்பகுதியில் ஆர்மிஜெராவாக இருந்து அங்கங்கே ஸீயாவின் துண்டுகளைக் கொண்டிருந்தவை.

அப்படியானால் இரண்டும் கலந்து ஒன்றாகிவிடுமா? 2013, 2017 ஆகிய இரு ஆண்டுகளின் பிரேசில் பூச்சிகளை ஒப்பிட்டு 2020-இல் வெளியான ஆய்வு இதற்கு ஒரு விடை தந்தது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த முடிவுகளில் இதுவும் ஒன்று. பெருக்கம் தொடங்கிய காலத்தில் ஆர்மிஜெராவுக்குள் ஏராளமான ஸீயா துண்டுகள் புகுந்திருந்தன; நான்கு ஆண்டுகளில் அவை குறைந்தும் குறுகியும் போயின. அதாவது கலப்புப் பகுதிகள் களையப்பட்டு, இரண்டு சிற்றினங்களின் எல்லை பெரும்பாலும் நிலைத்தது. ஒரே ஒரு பகுதி மட்டும் எதிர்த்திசையில், ஆர்மிஜெராவிலிருந்து ஸீயாவுக்குள் சென்று, ஆண்டுக்காண்டு பெருகியது. அந்தப் பகுதியில் இருந்தது சி.ஒய்.பி.337பி3 என்னும் மரபணு. அடுத்தடுத்து இருந்த இரண்டு மரபணுக்களின் பகுதிகள் தவறாக இணைந்ததால் ஆர்மிஜெராவில் பிறந்தது இது. பென்வேலரேட் முதலிய பைரித்ராய்டு மருந்துகளைச் சிதைக்கும் நொதியை உண்டாக்குகிறது. ஆக, மருந்துக்கு மடிந்துவந்த உள்ளூர்ப் பூச்சி, வந்த பூச்சியிடமிருந்து மருந்தைத் தாங்கும் திறனைப் பெற்றுக்கொண்டது. இந்தப் பூச்சிக்குப் பார்கோடு சோதனை செய்தாலும், அறுத்து மூன்று புடைப்புகளை எண்ணினாலும், விடை ஸீயா என்றே வரும். விடை சரி, ஆனால் எந்த மருந்து அடிப்பது என்பதற்கு அந்தப் பெயர் இனி வழிகாட்டாது. அதற்கு அந்த ஒரு மரபணுவைத் தனியே சோதிக்க வேண்டும்.

மக்காச்சோளப் படைப்புழு

நமக்கு அருகிலும் இதேபோன்ற ஒரு வழக்கு உண்டு. அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த படைப்புழு, ஸ்போடாப்டெரா ஃப்ரூஜிபெர்டா, 2016-இல் ஆப்பிரிக்காவில் கண்டறியப்பட்டு, 2018 மே மாதத்தில் கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதி மக்காச்சோளத்தில் தென்பட்டது, அதே ஆண்டில் தமிழ்நாட்டுக்குள் புகுந்து பெரம்பலூர், அரியலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் மக்காச்சோளத்தைச் சூறையாடியது, இலங்கையையும் எட்டியது. இந்தப் புழுவை வேறு புழுக்களிலிருந்து கண்ணாலேயே பிரித்துவிடலாம். தலையில் தலைகீழான ஒய் வடிவக் கோடும், வால் பக்கத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் இருக்கும். ஆனால் இதற்குள் மக்காச்சோள வகை, நெல் வகை என இரண்டு உள்வகைகள் உண்டு. தோற்றத்தில் எந்த வேறுபாடும் இல்லை. முதலாவது மக்காச்சோளத்தையும் சோளத்தையும், இரண்டாவது நெல்லையும் புல்வகைகளையும் அதிகம் நாடும்.

இந்தியாவில் பிடித்த பூச்சிகளின் சி.ஓ.ஐ. பகுதியைப் படித்தபோது, மக்காச்சோளத்தில் பிடிபட்டவற்றிலேயே நெல் வகையின் எழுத்துகள் மிகுதியாக இருந்தன. நெற்பயிருக்குப் பேராபத்து என்று அஞ்சுவதற்கு இது போதும். ஆனால் டி.பி.ஐ. என்னும் மற்றொரு மரபணு, இசட் என்னும் பாலினக் குரோமோசோமில் இருப்பது, மக்காச்சோள வகையின் எழுத்துகளையே பெரும்பாலும் காட்டியது. ஆப்பிரிக்காவிலும் இதே முரண். இரண்டு சான்றுகளையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது இதுதான்: எங்கோ, எப்போதோ, நெல் வகைப் பெண் ஒன்றின் வழித்தோன்றல்கள் மக்காச்சோள வகையுடன் தொடர்ந்து கலந்து, தாய்வழித் தடத்தை மட்டும் விடாமல் வைத்திருக்கின்றன. வயலில் அவை மக்காச்சோளத்தையே முதன்மையாகத் தாக்குவதும் இதற்குப் பொருந்துகிறது.

அறிக்கையைப் படிக்கும்போது

மரபணு அறிக்கை ஒன்று கைக்கு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது எந்த மரபணு சோதிக்கப்பட்டது என்பது. சி.ஓ.ஐ. மட்டும் என்றால், விடையைத் தாய்வழி என்று படிப்பதே சரி. கலப்பு நடக்காத சிற்றினங்களில் அதுவே பெயராகவும் அமையும். உட்கருப் பகுதி ஒன்றாவது சேர்க்கப்பட்டு இரண்டும் ஒரே விடையைத் தந்தால் நம்பிக்கை கூடும். முரண்பட்டால், மாதிரி மாறிவிட்டது என்று உடனே ஒதுக்கிவிடக் கூடாது. மீண்டும் சோதித்தும் முரண் நீடித்தால் அந்த முரணே ஒரு தகவல்.

அடுத்து, எதனோடு ஒப்பிட்டார்கள் என்பது. பொதுத் தரவுத்தளங்களில் உள்ள வரிசைகளுக்குப் பெயர் கொடுத்தவர்களும் மனிதர்களே. உடலைச் சரியாகப் பார்க்காமல் இட்ட பெயர் ஒன்று அங்கே இருந்தால், அதனோடு 100 சதவீதம் பொருந்தினாலும் கிடைப்பது தவறான பெயர்தான். ஆகவேதான் டி.என்.ஏ. எடுத்த பூச்சியின் மீதி உடலை, பிடித்த இடம், நாள், பயிர் ஆகிய குறிப்புகளோடு ஊசியில் குத்தி அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும் என்று வகைப்பாட்டியலாளர்கள் வற்புறுத்துகிறார்கள். பெயரில் ஐயம் எழுந்தால் திரும்பிப் பார்க்க உடல் இருக்க வேண்டும். கால் ஒன்றே போதும் என்பதன் பயனும் இங்கேதான். ஆண் பூச்சியின் வயிற்றுப் பகுதி அறுக்கப்படாமல் அப்படியே காத்திருக்கும்.

வெற்றுச் சோதனை வைத்தார்களா என்பதையும் கேட்கலாம். பி.சி.ஆர். இல்லாததை உண்டாக்காது, ஆனால் முந்தைய பூச்சியிலிருந்து இடுக்கியில் ஒட்டிவந்த துளியையும் கோடிப் பிரதிகளாக்கிவிடும். ஒவ்வொரு தொகுதியோடும் பூச்சியே இல்லாத ஒரு குழாயைச் சேர்த்து ஓட்டி, அதில் எதுவும் பெருகவில்லை என்று காட்டுவது நல்ல ஆய்வகத்தின் வழக்கம். எத்தனை பூச்சிகள் சோதிக்கப்பட்டன என்பது கடைசி. பத்துப் பூச்சிகளில் பத்தும் ஸீயா என்றால், அந்த வயலில் ஸீயா மிகுதி என்று சொல்லலாம். ஆர்மிஜெரா இல்லை என்று சொல்ல, பொறிகளில் விழுந்த நூற்றுக்கணக்கானவற்றைச் சேர்த்துச் சோதித்திருக்க வேண்டும்.